புரோட்டீன் டேட்டா பேங்க்: யூகேரியோட் படியெடுத்தலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? தருமபுரி வகுப்பறைகளுக்கான ஒரு மதிப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மூலக்கூறு மரபியல் பாடம் லாக் ஓபரானை, அதாவது பாக்டீரியா லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுப்பை, நன்றாகவே சொல்லித் தருகிறது. ஒரே ஒரு அடக்கிப் புரதம். லாக்டோஸ் வந்தால் விலகும், தீர்ந்தால் திரும்ப வந்து உட்காரும். அதே பிள்ளை தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சேர்ந்து, உட்கரு உள்ள (யூகேரியோட்) நம் செல்லில் இந்த வேலை, அதாவது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுப்பதும் அதை நிறுத்துவதும், எப்படி நடக்கிறது என்று படிக்க வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. டிஎஃப்-2டி, 2ஏ, 2பி, 2எஃப், 2ஈ, 2ஹெச் என்று ஆறு பொதுக் காரணிகளின் பெயர், அப்புறம் மீடியேட்டர், சாகா, சிபிபி என்ற துணைப் புரதங்கள். பாடநூலில் இவை எல்லாம் கலர் கலராக முட்டை வடிவத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். வரிசையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஏன் அந்த வரிசை, எது எதைத் தடுக்கிறது, தடுப்பது என்றால் உண்மையில் என்ன என்ற கேள்விகளுக்கு அந்த முட்டைகளில் பதில் இல்லை.

அந்தப் பதிலைக் கண்ணால் காட்டும் இலவச இணையச் சேவை புரோட்டீன் டேட்டா பேங்க், சுருக்கமாகப் பி.டி.பி. 1971-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஏழே ஏழு புரத அமைப்புகளோடு தொடங்கியது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உள்நுழைவு, கட்டணம் எதுவும் கிடையாது. தரவு முழுவதும் பொதுச்சொத்தாக விடப்பட்டிருப்பதால், எடுத்த படத்தை வினாத்தாளிலோ துறை மலரிலோ அச்சடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனாலும் எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று அடியில் எழுதுவதுதான் மரியாதை. அமெரிக்காவின் ஆர்.சி.எஸ்.பி., இங்கிலாந்தின் பி.டி.பி.ஈ., ஜப்பானின் பி.டி.பி.ஜே. என்று வாசல்கள் பல. உள்ளே இருப்பது ஒரே களஞ்சியம். இங்கே சொல்வதெல்லாம் ஆர்.சி.எஸ்.பி. தளத்தையும், அதில் உள்ள மோல்ஸ்டார் என்ற முப்பரிமாணக் காட்டியையும் வைத்துத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யூகேரியோட் படியெடுத்தலை நடத்த இதைவிட நல்ல கருவி நமக்குக் காசுக்கும் கிடைக்காது. ஆனால் எந்தக் கோப்பைத் திறப்பது, அதில் எது தெரியவில்லை என்ற இரண்டும் தெரியாமல் திறந்தால், பாடநூல் முட்டைகளைவிட மோசமான தவறான எண்ணத்தோடு மாணவர் வெளியே போவார். காரணம், மரபணுவை ஒழுங்குபடுத்துவதில் முக்கியமான பகுதிகள் பலவும் இந்தப் படங்களில் இருப்பதில்லை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

தொடங்கும் முன் ஒரு தட்டச்சு விஷயம். ஒவ்வொரு அமைப்புக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. முதல் இடம் எப்போதும் எண். 1ஐ6ஹெச் என்பதில் முதலில் எண் ஒன்று, அடுத்தது ஆங்கில எழுத்து ஐ. 1விஓஎல், 5ஓக்யூஎம் இரண்டிலும் ஓ என்பது எழுத்து, பூஜ்யம் அல்ல. இந்தக் கட்டுரையின் குறியீடுகளில் டி என்று வருவதெல்லாம் டி.என்.ஏ.வின் முதல் எழுத்து. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று பார்க்க வேண்டாம். கோப்பு திறந்ததும் தலைப்பை ஒருமுறை வாசித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் வேறு ஏதோ ஒரு நொதி அழகாக வந்து நிற்கும், சந்தேகமே வராது.

முதலில் 1கேஎக்ஸ்5. இது நியூக்ளியோசோம், அதாவது புரத உருளையைச் சுற்றி டி.என்.ஏ. சுற்றிய பொட்டலம்; தெளிவு 1.9 ஆங்ஸ்ட்ராம் (இந்த எண் குறையக் குறையப் படம் கூர்மை). ஹெச்2ஏ, ஹெச்2பி, ஹெச்3, ஹெச்4 என நான்கு ஹிஸ்டோன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. சுற்றிலும் 147 கார இணை டி.என்.ஏ., சுமார் 1.65 சுற்று. சங்கிலி வாரியாக நிறம் போட்டுச் சுழற்றினால், புரோமோட்டர் (மரபணுவில் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி) இந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து வரும் புரதத்துக்குப் பாதிப் பக்கம் எட்டாது என்பது விளக்கம் இல்லாமலே விளங்கும். இங்கே ஒரு வேலை செய்யுங்கள். நிறத் தேர்வில் அன்செர்ட்டன்டி என்று தொடங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மையப்பகுதி ஒரு நிறமாகவும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்கள் எதிர்முனை நிறமாகவும் மாறும். வால்களின் இடம் உறுதியில்லை என்று கோப்பே ஒப்புக்கொள்கிறது. அதே நியூக்ளியோசோமின் பழைய கோப்பு 1ஏஓஐ, 1997-ல் வந்தது, 2.8 ஆங்ஸ்ட்ராம். அதில் வால்களின் பெரும்பகுதி காணவே காணாது. சாகா கூட்டமைப்பின் ஜிசிஎன்5 நொதி அசிட்டைல் தொகுதியைச் சேர்ப்பது ஹெச்3 வாலில் உள்ள 9, 14-ஆம் லைசின்கள் போன்ற இடங்களில்தான். ஒழுங்குபடுத்தல் நடக்கும் இடமே படத்தில் தள்ளாடுகிறது அல்லது இல்லை. இது முதல் எச்சரிக்கை.

அடுத்தது 1சிடிடபிள்யூ. இந்தத் தளத்தில் ஒரே ஒரு கோப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் திறக்கச் சொல்வோம். மனித டிபிபி புரதத்தின் மையப்பகுதி, 16 கார இணை கொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது; தெளிவு 1.9 ஆங்ஸ்ட்ராம். டிஎஃப்-2டி என்ற பெரிய கூட்டமைப்பில், புரோமோட்டரில் உள்ள டாட்டா என்ற வரிசையைப் பிடிக்கும் உறுப்பு இந்த டிபிபி. பாடநூல் படத்தில் அது டி.என்.ஏ.வின் மேல் சும்மா குந்தியிருக்கும். இங்கே பார்த்தால், டி.என்.ஏ.வைச் சுமார் 80 டிகிரி வளைத்துவிட்டது.

எப்படி வளைத்தது என்று காட்ட இரண்டு நிமிடம் போதும். மேலே உள்ள வரிசைப் பட்டையில் புரதச் சங்கிலியைத் தேர்ந்து, 284-ஆம் எண்ணுக்குப் போய் அந்த ஃபினைல்அலனின் மேல் ஒரு சொடுக்கு. காட்சி அங்கே நெருங்கிப் போய், அதைச் சுற்றியுள்ள அணுக்களையும் விரித்துக் காட்டும். தட்டையான வளையம் ஒன்று இரண்டு கார இணைகளுக்கு நடுவில் ஆப்பு வைத்ததுபோல் நுழைந்திருப்பது தெரியும். இனி 301, அதன் கூட்டாளி. மறுமுனையில் 193, 210. மொத்தம் நான்கு ஃபினைல்அலனின், இரண்டிரண்டாக, எட்டு கார இணை கொண்ட டாட்டா வரிசையின் இரு கோடியிலும். அந்த இரண்டு இடத்திலும் டி.என்.ஏ. மடங்குகிறது, நடுவில் குறுகிய பள்ளம் விரிகிறது. விரிவை அளந்தும் காட்டலாம். தேர்வு முறையை இயக்கி, தேர்வு அளவை அணு என்று மாற்றி, குறுகிய பள்ளத்தின் இரு கரையிலும் எதிரெதிரே உள்ள பாஸ்பரஸ் அணுக்களைத் தொட்டு, மெஷர்மென்ட்ஸ் பகுதியில் தூரம் சேர்க்க வேண்டும். சாதாரண பி-வடிவ டி.என்.ஏ.வில் இது 12 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும்; இங்கே நடுப்பகுதியில் அதைவிட நன்றாக விரிந்திருக்கும். அளவு பொருத்தமில்லாமல் வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தேர்வு அளவு அமினோ அமிலம் என்ற நிலையிலேயே இருக்கிறது, அணுவுக்குப் பதில் முழு நியூக்ளியோடைடின் மையத்திலிருந்து அளந்திருக்கிறது.

இந்த வளைவு எதற்கு? 1விஓஎல் கோப்பைத் திறந்தால் பதில் கிடைக்கும். அதில் டிபிபி, டி.என்.ஏ. இரண்டோடும் டிஎஃப்-2பி சேர்ந்திருக்கிறது. வளைந்த டி.என்.ஏ.வின் அடிப்பக்கமாக வந்து, டாட்டாவுக்கு முன்னும் பின்னும் உள்ள இழையை ஒரே சமயத்தில் பிடிக்கிறது. நேராக இருந்த டி.என்.ஏ.வில் அந்தப் பிடி சாத்தியமே இல்லை. ஆர்.என்.ஏ.வை எழுதும் நொதியான பாலிமெரேஸ் 2-ஐ அழைத்து வந்து சரியான திசையில் நிறுத்தும் வேலை டிஎஃப்-2பியுடையது. ஆக, ஏன் டிஎஃப்-2டி முதலில், டிஎஃப்-2பி பிறகு என்ற மனப்பாட வரிசைக்கு உருவம் வந்துவிட்டது. இந்தக் கோப்பில் டிஎஃப்-2பி மனிதனுடையது, டிபிபி அராபிடாப்சிஸ் செடியுடையது. மனிதப் புரதமும் செடிப் புரதமும் இப்படி இசைந்து உட்காருகின்றன என்றால், இந்த இணைப்பு எவ்வளவு காலமாக மாறாமல் இருக்க வேண்டும்! வகுப்பில் இதைச் சொல்லாமல் நகராதீர்கள்.

இப்போது தடுப்பது எப்படி என்பதற்கு வருவோம். 1ஜேஎஃப்ஐ. அதே டிபிபி, அதே மாதிரி வளைந்த டி.என்.ஏ., ஆனால் டிஎஃப்-2பிக்குப் பதில் என்சி2 என்ற இரண்டு உறுப்புக் கூட்டமைப்பு. ஹிஸ்டோனைப் போன்ற மடிப்பு கொண்ட ஒரு ஜோடி. இரண்டு கோப்பையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பதுதான் இந்தச் சேவையின் உச்சக்கட்டப் பயன் என்பது எங்கள் மதிப்பீடு. முப்பரிமாணக் காட்டியின் தனிப் பக்கத்துக்குப் போய் இரண்டு குறியீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுங்கள். இரண்டும் ஆளுக்கொரு மூலையில் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், ஒவ்வொரு படிகத்துக்கும் அதனதன் ஆயத்தொலை. தேர்வு முறையை இயக்கி, தேர்வு அளவைச் சங்கிலி என்று வையுங்கள். முதல் கோப்பில் டிபிபி சங்கிலியைத் தொடுங்கள், இரண்டாவதிலும் டிபிபி சங்கிலியைத் தொடுங்கள். சூப்பர்பொசிஷன் பகுதியில் சங்கிலி வாரியாகப் பொருத்து என்ற பொத்தான். இரண்டு டிபிபியும் ஒன்றாகிவிடும். டிஎஃப்-2பி உட்காரும் இடத்துக்குள் என்சி2 புகுந்து நிற்பதைப் பார்க்கலாம். அடக்குதல் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் கிடையாது: அந்த இடம் காலியில்லை. டிஎஃப்-2ஏயும் அதே காரணத்தால் உள்ளே வர முடியாது.

பொருத்தும்போது வழக்கமாகப் பிசகுவது சங்கிலிப் பெயரில். ஒரு கோப்பில் டிபிபிக்கு உள்ள எழுத்து இன்னொன்றில் வேறு புரதத்துக்கு இருக்கும். எழுத்தை வைத்துத் தேர்ந்தால் டிபிபியை என்சி2 மேல் பொருத்திவிட்டு, எதுவும் எதோடும் சேரவில்லையே என்று திகைக்க வேண்டி வரும். மவுஸை மேலே வைத்தால் வலது ஓரத்தில் புரதப் பெயர் வரும், அதைப் பார்த்துத் தொடுங்கள்.

பாலிமெரேஸ் 2-க்கு 1ஐ6ஹெச். ரோஜர் கோர்ன்பெர்க் குழு 2001-ல் வெளியிட்டது. 2006-ல் அவருக்கு வேதியியல் நோபல் பெற்றுத் தந்த பணியின் மையம் இந்த வரிசை அமைப்புகள். படியெடுத்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஈஸ்ட் நொதியைப் படிகமாக்கியிருக்கிறார்கள், 3.3 ஆங்ஸ்ட்ராம். உள்ளே மெக்னீசியம் அயனி, பக்கத்தில் டி.என்.ஏ.வும் புதிய ஆர்.என்.ஏ.வும் ஒட்டிய குட்டைச் சுருள். புரதச் சங்கிலிகளை எண்ணும் மாணவர் பத்துதான் இருக்கிறது, புத்தகத்தில் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார். இரண்டும் சரி. ஆர்பிபி4, ஆர்பிபி7 இரண்டும் இல்லாத நொதிதான் படிகமானது. பன்னிரண்டும் வேண்டுமென்றால் 1டபிள்யூசிஎம், ஆனால் அதன் தெளிவு 3.8 ஆங்ஸ்ட்ராம்தான்.

இந்தக் கோப்பிலேயே சீக்வென்ஸ் தாவலுக்குப் போய் முதல் சங்கிலியான ஆர்பிபி1-ஐப் பாருங்கள். ஈஸ்டில் அதன் நீளம் 1733 அமினோ அமிலம். அன்மாடல்டு என்று ஒரு பட்டை ஓடும். சுமார் 1450-க்கு அப்புறம் கடைசிவரை அந்தப் பட்டைதான். அதாவது அந்தப் பகுதி படிகத்தில் இருந்தது, ஆனால் தெரியவில்லை. சுற்றுகிற மின்விசிறியைப் போட்டோ எடுத்தால் நடுக்குமிழ் தெளிவாகவும் இறக்கைகள் காணாமலும் போகும் அல்லவா, அதே கதைதான். எக்ஸ்-கதிர் படம் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் ஆடுகிற பகுதி சராசரியில் கரைந்துவிடும்.

அப்படிக் கரைந்துபோனது வேண்டாத வால் அல்ல. ஏழு அமினோ அமிலம் கொண்ட ஒரு வரிசை, ஈஸ்டில் 26 முறையும் மனிதனில் 52 முறையும் திரும்பத் திரும்ப வரும் பகுதி அது. டிஎஃப்-2ஹெச் உள்ளே இருக்கும் சிடிகே7 நொதி அதன் ஐந்தாவது இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏற்றினால், மீடியேட்டரின் பிடி விடுபட்டுப் பாலிமெரேஸ் புரோமோட்டரை விட்டுக் கிளம்புகிறது, ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி போடும் நொதிகள் வந்து ஒட்டுகின்றன. பிறகு சிடிகே9 இரண்டாவது இடத்துச் செரினைத் தொடுகிறது, நீட்சி தடையின்றிப் போகிறது. படியெடுத்தலில் எப்போது நில், எப்போது போ என்ற உத்தரவு எழுதப்படும் பலகையே இந்த வால்தான். படத்தில் அது இல்லை. படத்தை மட்டும் பார்த்த மாணவர் நொதியின் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டு, கட்டுப்பாட்டைக் கற்காமல் போய்விடுவார்.

இன்னும் தெளிவான உதாரணம் 1டி66. ஈஸ்டின் கால்4 ஊக்குவிப்புப் புரதம். 17 கார இணை கொண்ட இலக்கு. இரு கோடியிலும் சிஜிஜி என்ற மும்மை, நடுவில் 11 கார இணை இடைவெளி. ஒரு ஜோடிப் புரதம், ஒவ்வொன்றும் ஒரு மும்மையைப் பெரிய பள்ளத்தின் வழியாகப் பிடிக்கிறது. 18-ஆம் லைசினைச் சொடுக்கிப் பார்த்தால் எந்தக் காரத்தைத் தொடுகிறது என்று தெரியும். ஆறு சிஸ்டீன் சேர்ந்து இரண்டு உலோக அயனியை இறுக்கியிருப்பது இந்தப் பகுதியின் அடையாளம். பார்க்க அத்தனை நேர்த்தி. ஆனால் கால்4-ன் முழு நீளம் 881. படிகத்துக்குள் போனது முதல் 65 மட்டுமே, நூற்றில் ஏழு பங்கு. மீடியேட்டரையும் சாகாவையும் அழைத்து மரபணுவை இயக்கும் பகுதி 768-லிருந்து 881 வரை. அதைப் பிடித்து நிறுத்திப் படிகமாக்க முடியாது, ஏனென்றால் அதற்கென்று நிலையான மடிப்பு இல்லை. அந்த நெகிழ்வுதான் அதற்கு வலிமை. மீடியேட்டரின் மெட்15 போன்ற உறுப்புகளோடு பல கோணங்களில், தொட்டும் விட்டும் பிணைய முடிகிறது. ஜிசிஎன்4 ஊக்குவிப்புப் புரதத்தில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது.

இப்படி வடிவமில்லாத ஒரு பகுதி வடிவம் பெறுவதைக் காட்ட ஒரு கோப்பு இருக்கிறது, 1கேடிஎக்ஸ். கிரெப் என்ற ஊக்குவிப்புப் புரதத்தின் ஒரு துண்டு, சிபிபியின் கிக்ஸ் பகுதியைச் சுற்றி இரண்டு சுருளாக வளைந்து படிந்திருக்கும். தனியாக இருக்கும்போது அந்தத் துண்டு ஒழுங்கான சுருளே அல்ல. கிக்ஸைத் தொட்ட பிறகுதான் மடிகிறது. 133-ஆம் செரினில் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் பிடி இறுகும். வரிசைப் பட்டையில் அது எஸ்ஈபி என்ற பெயரில் இருக்கும். சொடுக்கினால் கிக்ஸின் 658-ஆம் டைரோசின் பக்கத்தில் வந்து நிற்கும். ஹார்மோன் செய்தி, பாஸ்பேட், மரபணு என்ற மூன்றும் ஒரே காட்சியில். இது படிகம் இல்லாமல் கரைசலிலேயே அளக்கும் என்.எம்.ஆர். முறையில் கண்டது என்பதால் ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு, திரை நெரிசலாக இருக்கும்; ஹைட்ரஜனை மறைத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாடல்கள் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டச் சொன்னால் ஓரங்கள் பிரிந்து பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். படிகக் கோப்பு மறைத்துவிடும் ஆட்டத்தை இது கொஞ்சம் காட்டுகிறது.

மொத்தக் கூட்டத்தையும் ஒரே இடத்தில் பார்க்க 5ஓக்யூஎம். பாலிமெரேஸ் 2, பொதுக் காரணிகள், டிஎஃப்-2ஹெச், மீடியேட்டர் எல்லாம் ஒரு புரோமோட்டரில் கூடியிருக்கும் ஈஸ்ட் அமைப்பு, 2017-ல் வந்தது, கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம். அளவைப் பார்த்து வாய் பிளப்பதற்கும், டிபிபி எவ்வளவு சின்ன உறுப்பு என்று உணர்வதற்கும் இது போதும். அதற்கு மேல் இதைக் கசக்காதீர்கள். தெளிவு 5.8 ஆங்ஸ்ட்ராம். அந்த அளவில் பக்கக் கிளைகள் தெரியாது. வேறு தெளிவான அமைப்புகளைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். இதில் ஹைட்ரஜன் பிணைப்பு அளப்பது, இந்த அமினோ அமிலம் அதைத் தொடுகிறது என்று ஆய்வேட்டில் எழுதுவது இரண்டும் தவறு. இன்னொன்று: இதில் இருப்பது மீடியேட்டரின் மையப்பகுதி மட்டுமே. ஈஸ்ட் மீடியேட்டரில் 25 உறுப்புகள். ஊக்குவிப்புப் புரதங்கள் தேடிவரும் மெட்15 அடங்கிய வால் பகுதியும், பாலிமெரேஸை ஒட்டவிடாமல் தடுக்கக்கூடிய சிடிகே8 பகுதியும் இந்தக் கோப்பில் கிடையாது. 2021-ல் வந்த மனித அமைப்புகளில் வால் பகுதியும் உண்டு, ஆனால் அவை இன்னும் கனமான கோப்புகள்.

கனம் என்றதும் கருவிக்கு வருவோம். 1சிடிடபிள்யூ, 1டி66, 1கேடிஎக்ஸ் மூன்றும் எந்த ஆண்ட்ராய்டு போனிலும் திறக்கும். ஒரு விரலால் சுழற்றலாம், இரு விரலால் நெருங்கலாம். 5ஓக்யூஎம் 2 ஜிபி போனில் திணறும், பிரவுசர் தானாகவே பக்கத்தை மூடிவிடவும் கூடும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் கார்ட்டூன் வடிவிலேயே வைத்திருந்தால் சமாளிக்கும். அணு முழுவதும் காட்டு, மேற்பரப்பு போடு என்று கேட்டால் உறைந்துவிடும். அணுத் தேர்வும் தூரம் அளப்பதும் போனில் வேண்டாம், விரல் நுனி நான்கு அணுவை மறைக்கும்.

சித்தேரி, அஞ்செட்டி மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் நிலையாக இருக்காது. அவர்களுக்குக் கல்லூரியிலேயே கோப்பை இறக்கிக் கொடுப்பது நல்லது. இறக்கும்போது சிஃப் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய பி.டி.பி. வடிவத்தில் ஒரு கோப்பில் 99,999 அணு, 62 சங்கிலி என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டிய பெரிய கூட்டமைப்புகள் அந்த வடிவத்தில் கிடைக்கவே கிடைக்காது. இணையம் இல்லாமல் திறக்க கைமெராஎக்ஸ் மென்பொருள் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம், ஆனால் பழைய கிராஃபிக்ஸ் சில்லுகளில் ஓடாமல் போகலாம். அப்படிப்பட்ட கணினிக்கு ஜாவாவில் ஓடும் ஜேமால் போதும்.

இன்னொரு பொறி, கணிப்பு அமைப்புகள். ஆல்ஃபாஃபோல்டு கணித்த மாடல்களும் இதே தளத்தில் 2022 முதல் தேடலில் வருகின்றன. கணிப்பைச் சேர்த்துக்கொள் என்ற விசையை இயக்கி கால்4 தேடினால் 881-ம் முழுதாக வரும். காணாமல் போனது கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சி பொங்கும். நிறத்தைப் பாருங்கள். கருநீலம் என்றால் நம்பிக்கை மதிப்பெண் 90-க்கு மேல். ஆரஞ்சு என்றால் 50-க்குக் கீழ். அங்கே நூல் சிக்கியதுபோல் சுற்றியிருக்கும் கோடு ஒரு வடிவமே அல்ல, வடிவம் தெரியாது என்பதற்கான குறி. மனித டிபிபியின் முன்பகுதியும் அப்படித்தான் வரும். அந்த ஆரஞ்சுக் கோட்டை அச்சடித்து, இதுதான் ஊக்குவிப்புப் பகுதியின் அமைப்பு என்று தலைப்புப் போட்டுவிடக் கூடாது.

மொழி ஒரு குறைதான். உதவிப் பக்கங்கள், பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலம். பி.டி.பி.-101 என்ற கல்விப் பிரிவு அருமையானது. டேவிட் குட்செல் 2000 ஜனவரியில் தொடங்கிய மாத மூலக்கூறுக் கட்டுரைகள் அங்கே உண்டு. பாலிமெரேஸுக்கும் நியூக்ளியோசோமுக்கும் தனித்தனிக் கட்டுரைகள் இருக்கின்றன, ஓவியங்கள் கண்ணை எடுக்கவிடாது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். அதன் பிறகு பொத்தான்களுக்கு மொழி தேவைப்படுவதில்லை.

உயிரினம் எது என்ற வரியைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. படியெடுத்தல் கூட்டமைப்புகளில் பெரும்பாலானவை ஈஸ்ட் அல்லது மனிதன். மனித அமைப்பு என்று தலைப்புள்ள சிலவற்றில் பாலிமெரேஸ் மட்டும் பன்றியுடையது. 1ஏஓஐ நியூக்ளியோசோமின் ஹிஸ்டோன்கள் ஜெனோபஸ் தவளையின் வரிசை கொண்டவை. நம் ஊர்ப் பயிர் எதுவும் இருக்கிறதா என்று மாணவர்கள் தேடுவார்கள், தேட விடுங்கள். கேழ்வரகு விதையின் அமைலேஸ்–டிரிப்சின் தடுப்பான் புரதம் அந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது. அது படியெடுத்தலுக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும், பென்னாகரத்து வயலில் விளையும் தானியத்தின் ஒரு புரதத்தை அணு அணுவாகப் பார்த்தவர் அடுத்த கோப்பைத் தானாகவே திறப்பார்.

வகுப்புக்கு நேரம் ஒதுக்குவது பற்றி. முக்கால் மணி நேரத்தில் மேலே சொன்ன அத்தனையையும் காட்ட முயன்றால் எதுவும் நிற்காது. முதல் வகுப்புக்கு 1சிடிடபிள்யூ, 1விஓஎல், 1ஜேஎஃப்ஐ மூன்று மட்டும். இரண்டாவதற்கு 1ஐ6ஹெச், 1டி66, அவற்றின் அன்மாடல்டு பட்டை, கடைசியில் 1கேடிஎக்ஸ். நியூக்ளியோசோமை வீட்டுப்பாடமாகப் போனில் பார்க்கச் சொல்லலாம். 5ஓக்யூஎம் கடைசி ஐந்து நிமிடம், ஆசிரியரின் கணினியில் மட்டும். இணையத்தையும் மின்சாரத்தையும் நம்பி அந்த நேரத்தில் ஏற்ற வேண்டாம். முந்தின நாளே நிறம், கோணம், பொருத்தம் எல்லாம் சரிசெய்து, காட்டியின் நிலையை மோல்எக்ஸ் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கூடவே நான்கைந்து படமும் எடுத்து வையுங்கள். மின்சாரம் போனால் போனில் இருக்கும் அந்தப் படங்களை வைத்தே மீதி வகுப்பை நடத்திவிடலாம்.